மண்டியிட்டு மீன் பிடிக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை 4.40-க்கு உலு திராமில் எங்கள் வீட்டு கேட்டைப் பூட்டினோம். தெருவில் எங்கள் காரைத் தவிர வேறு விளக்கு எரியவில்லை. பின் இருக்கையில் நீளமான ஒரு துணி உறை. அதற்குள் நான்கு துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் கோல். பக்கத்தில் ஒரு பிளாஸ்க் காப்பி, மூன்று பொட்டலம் எலுமிச்சைச் சோறு, நனைந்தாலும் கவலையில்லாத என் பழைய கான்வாஸ் சப்பாத்து.

என் கணவர் குகன் சிங்கப்பூரில் உணவுப் பொருள்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வாரத்தில் ஆறு நாள் இதே நேரத்துக்குத்தான் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவார். எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். மிச்சமிருப்பது ஞாயிறு. அதிலும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு தூண்டிலை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். பதினோரு வருடமாக இப்படித்தான். அத்தனை வருடத்தில் ஒரு மீன்கூட எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்ததில்லை. பிடித்ததை அங்கேயே விட்டுவிடுவதுதான் முறை என்பார்.

மகள் வீட்டில் இருந்தவரை எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் படிக்க வடகோடியில் இருக்கும் பெர்லிஸ் போனபிறகு, அந்த ஒரு ஞாயிறு முழுக்க வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் சொல்லிவிட்டேன்: "இந்த மாசம் எங்கேயும் போக வேணாம். வீட்டுல இருங்க."

"சரி" என்றார். கோலை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான்கு நாள் அந்த "சரி"யோடு இருந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை, "நானும் வர்றேன். அப்படி அங்க என்னதான் இருக்குன்னு பாக்கணும்" என்றேன். நேரில் பார்த்துவிட்டால், போதும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த எண்ணத்தோடுதான் காரில் ஏறினேன்.

கோத்தா திங்கியைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே குளுவாங் போகும் சாலையில் திரும்பினோம். இருட்டில் அவர் இந்த மீன்பிடிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார். இது குளிர்தேசத்து மலை ஓடைகளில் ட்ரௌட் என்னும் மீனுக்காகப் பிறந்த முறையாம். புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சிபோல ஒன்று செய்கிறார்கள். அதை 'ஈ' என்கிறார்கள். அந்த ஈக்கு எடையே இல்லாததால், கனமான தடித்த நூலை வீசி, நூல் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி செய்ய வேண்டும். அவருடைய தொழிற்சாலையில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். ஊர் திரும்பும்போது தன் கோலையும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நம்ம ஊருல ட்ரௌட் ஏது?" என்றேன்.

"கிடையாது. இங்க தெங்காஸ் இருக்கு, செபாராவ் இருக்கு. ட்ரௌட்டுக்கு இருக்கற அதே சந்தேக புத்தி."

காலை 6.20. குளுவாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் நிறுத்தினோம். ரொட்டி சானாய் ஒன்று 1 ரிங்கிட் 80 காசு, நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர் 2 ரிங்கிட் 20 காசு. பொதுவாகச் சாப்பாட்டின் முன் கைப்பேசியை எடுக்கும் மனிதர், அன்று வடகிழக்கே மலைப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி சாப்பிட்டார். மேகம் இல்லை. மார்ச் மாதம், மழை குறைந்த காலம்.

காலை 7.30. வீட்டிலிருந்து 127 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கஹாங் பட்டணத்தில் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே பூஜாங் தன் பழைய நான்கு சக்கர இழுவை லாரியோடு காத்திருந்தார். ஜாகூன் பூர்வகுடியைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். பூஜாங் என்றால் மலாயில் கல்யாணமாகாதவன் என்று அர்த்தம். இவருக்கு நான்கு பிள்ளைகள். இதை அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். என்னைக் 'காக்' என்று கூப்பிட்டார், நம் அக்காதான். வண்டி, வழிகாட்டல், கிராமத்துக்கான அனுமதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 90 ரிங்கிட். ஓடைக்கான கட்டுப்பாடுகளை அவர்கள் கிராமமே வகுத்திருக்கிறது: கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் முள்ளை நசுக்கிவிட வேண்டும், பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஓடையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை.

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு மணி நேரம் குலுங்கினோம். செம்பனை வரிசை சட்டென்று முடிந்து, கரும்பச்சையாகக் காடு எழுந்து நின்றது. அங்கே வண்டியை விட்டுவிட்டு ஐம்பது நிமிட நடை. என் கணுக்காலில் மூன்று அட்டைகள், குகனின் கழுத்தில் ஒன்று. பூஜாங் அவற்றைப் புகையிலைத் தூளால் உதிர்த்துவிட்டார். நான் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். குகன் இரண்டு தடவை நின்றார், எனக்காக நிற்பதாகச் சொல்லிக்கொண்டு.

காலை 9.45. ஓடை நான் நினைத்ததைவிடச் சின்னது. பல இடங்களில் எங்கள் வீட்டு ஹால் அகலம்தான். பாறைகளுக்கு நடுவே இறங்கி, ஒரு மடுவில் தங்கி, மறுபடி இறங்கி ஓடியது. தண்ணீர் அவ்வளவு தெளிவு என்றார் குகன். எனக்கு மேலே மினுங்கிய வெளிச்சம்தான் தெரிந்தது.

நான் பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண் சோதனைக்கு உதவுவது, பிரேம் சரிசெய்வது, லென்ஸ் பொருத்துவது. பிரதிபலிப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடியை எத்தனையோ லாரி ஓட்டுநர்களுக்கு விற்றிருக்கிறேன். ஈரச் சாலையின் பளபளப்பு கண்ணைக் குத்தாது என்று ஒப்பித்திருக்கிறேன். கடையிலிருந்து அப்படி ஒரு ஜோடியைக் கொண்டுவந்திருந்தேன். என் கண்ணாடியின் மேல் செருகிக்கொள்ளலாம். செருகிக் குனிந்தேன்.

தண்ணீர் காணாமல் போய்விட்டது. கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு இலை அடியில் நகர்ந்தது. ஒரு பாறையின் பின்னால் ஐந்து மீன்கள், எல்லாம் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, வாலை லேசாக ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தன.

"தெரியுதா?" என்றார் குகன், கிசுகிசுப்பாக.

"அஞ்சு."

"ஆறு. அந்தப் பெரிசு, நிழல்ல."

அவர் காட்டிய பிறகு ஆறாவதும் தெரிந்தது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோலை இணைத்து, நூலைக் கோத்து, மெல்ல அந்தக் கல் மேல் மண்டியிட்டார். கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிடும்போது பின்னால் கைகட்டி நிற்கும் ஆள். "நின்னா மீனு பாத்துடும்" என்றார். மண்டியிட்டபடியே முழங்கையை ஒருமுறை அசைத்தார். நூல் சுருள் விரிந்து போய், இறகு ஈ பாறைக்கு மேல்பக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மிதந்து வந்தது. ஒரு மீன் எழும்பியது, மூக்கு கிட்டத்தட்ட அதைத் தொட்டது, திரும்பிக் கீழே போய்விட்டது.

குகன் சிரித்தார். தோற்றுப்போன மனிதன் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன்.

இரண்டு மீன் பிடித்து விடுவார், நாமும் பார்த்துவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். அவர் கோலை என்னிடம் நீட்டினார்.

மேலே கிளைகள் கவிந்திருந்ததால் தலைக்கு மேல் வீச இடமில்லை. என்னுடைய முதல் நான்கு வீச்சும் நான்கு வெவ்வேறு மரங்களில் மாட்டின. பூஜாங் ஒவ்வொரு தடவையும் ஏறி எடுத்துக் கொடுத்தார். நான்காவது தடவை, "காக், குரங்குக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார். அதன்பிறகு குகன் வேறொரு வழி காட்டினார். ஈயை இடது கை விரல்களால் பிடித்துக் கோலின் நுனி வில்லாக வளையும்வரை இழுத்து, குறிபார்த்து, விட்டுவிடுவது. அம்பு போலப் போகும். இது எனக்கு வந்தது. நாள் முழுக்க எள்ளளவு திருகாணிகளைப் பிரேமில் பொருத்துகிற கை.

"மீன் எங்க நிக்கும்னு பாரு" என்றார். "வேகமா ஓடற தண்ணி பக்கத்துல மெதுவா ஓடற தண்ணி இருக்கும். ரெண்டும் சேர்ற கோட்டுல நிக்கும். அலுப்பில்லாம நிக்கலாம், சாப்பாடும் பக்கத்துல வந்துடும்."

"உங்கள மாதிரி."

"ஆமா லா" என்றார்.

காலை 11.10-க்கு என் முதல் மீன். உள்ளங்கை நீளத் தெங்காஸ். ஈ மறைந்தது, நான் கோலைத் தூக்கினேன், அவ்வளவுதான் ஞாபகம். கைக்குள் ஒரு உயிர் துடிக்கும் அதிர்வு கோல் வழியாகத் தோள்வரை வந்தது. குகன் கையை நனைத்துக்கொண்டு அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளில்லாத கொக்கியைக் கழற்றினார். வெள்ளிப் பக்கம், செதிலின் ஓரத்தில் பொன் நிறம். "நீ விடு" என்றார். ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பிப் பிடித்தேன். என் விரல்களுக்கு நடுவே இரண்டு மூச்சு விட்டது. பிறகு இல்லை.

மதியம்வரை எனக்கு இன்னும் மூன்று. எல்லாம் சின்னவை. எலுமிச்சைச் சோற்றைப் பூஜாங்குடன் பகிர்ந்து சாப்பிட்டபோது எனக்கு நேரமே தெரியவில்லை. மணி 1.15.

பிற்பகல் 2 மணி. கொஞ்சம் மேலே போனதும் ஒரு பெரிய மடு. முழங்காலளவு தண்ணீரைக் கடந்து அக்கரையில் ஒரு தட்டைப் பாறையில் நானும் குகனும் ஏறினோம். பூஜாங் இக்கரையில் உட்கார்ந்தார். மடுவின் தலைமாட்டில் விழுந்து கிடந்த மரத்தடியில் இருட்டாக இருந்தது. அங்கே ஒரு செபாராவ் இருப்பதாகக் குகனுக்கு இரண்டு வருடமாகச் சந்தேகம். ஒருமுறை வாலை மட்டும் பார்த்திருக்கிறாராம்.

"நீங்க போடுங்க" என்றேன்.

"நீ போடு. எனக்கு இங்கேருந்து கை சரியா விழாது."

அது பொய் என்று பிறகுதான் புரிந்தது. வில்லாக வளைத்து விட்டேன். ஈ மரத்தை ஒட்டி விழுந்தது. ஒரு நொடி மிதந்தது. அது இருந்த இடத்தில் தண்ணீர் உள்பக்கமாகக் குழிந்தது.

காலையில் பிடித்த நான்கும் இதற்கு முன் ஒன்றுமில்லை. கோல் கைப்பிடிவரை வளைந்தது. ரீலிலிருந்து நூல் கிறீச்சிட்டு ஓடியது. தடுத்தால் அறுந்துவிடும், விட்டால் மரத்தடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். குகன் பக்கத்தில் நின்று, "விடு... விடு... இப்ப பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருமுறை அது பக்கவாட்டில் திரும்பியது. வயிற்றோரம் ஒரு வெண்மை, அதன் குறுக்கே நடுமுதுகிலிருந்து இறங்கிய ஒரு கறுப்புப் பட்டை. என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம் இருக்கும்.

அப்போது பூஜாங் எழுந்து நின்றார். அவர் மடுவைப் பார்க்கவில்லை. மேலே, தண்ணீர் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டத்தில் பச்சை இலைகள் வந்தன. பிறகு சுள்ளிகள், நுரை. கூழாங்கற்கள் மங்கின.

"நாயிக்! ஆயர் நாயிக்!" என்று கத்தினார். தண்ணீர் ஏறுகிறது.

எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. மலைக்கு அந்தப்பக்கம் எங்கோ பெய்த மழை. மலாய்க்காரர்கள் இதைத் தண்ணீரின் தலை என்பார்கள்; முதலில் தலை வரும், உடம்பு பின்னால் வரும். இதையெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது என் காதில் எதுவும் ஏறவில்லை.

"வசந்தி, விட்டுடு. மேல ஏறு."

"கொஞ்சம் இருங்க."

"கோலைக் குடு."

"வந்துடும். ரெண்டு நிமிஷம்."

அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. கோலுக்கு முன்னால் குனிந்து, விறைத்து நின்ற நுனி நூலைக் கைக்குள் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார். கோல் நிமிர்ந்தது. என் கையில் எடை இல்லாமல் போனது. அடுத்த கணம் என் தோளைப் பிடித்துக் கரைமேட்டில் தள்ளினார். வேரைப் பிடித்து ஏறினேன். பின்னால் அவர் ஏறினார். ஆள் உயரத்துக்கு மேல் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்ற தட்டைப் பாறை இருந்த இடத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் வயிற்றில் கேட்டது. விழுந்து கிடந்த அந்த மரம் மெதுவாகத் திரும்பி, இரண்டு துண்டாகிப் போனது.

எதிர்க்கரையில் பூஜாங் உயரத்தில் நின்றார். இரைச்சலில் குரல் எட்டவில்லை. இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார். உட்காருங்கள். பிறகு விரலை ஆட்டினார். கடக்காதீர்கள். அவரும் உட்கார்ந்தார்.

அப்படியே இரண்டே கால் மணி நேரம்.

குகன் தன் சட்டையைக் கழற்றி என் மேல் போட்டார். அவர் உதட்டில் நூல் கீறிய இடத்தில் ரத்தம் கசிந்தது. எனக்கு வந்தது கோபம்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா வந்திருக்கும்" என்றேன்.

என்னையே பார்த்தார். "வந்திருக்கும்" என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிறிது நேரம் பொறுத்து நானும்.

அதன்பிறகு அரை மணி நேரம் அந்த மீனைப் பற்றியே கேட்டார். பட்டை கறுப்பா, மங்கலா? வால் ஓரம் சிவந்திருந்ததா? முதல் ஓட்டம் மேலேயா கீழேயா? கடைக்கு வரும் ஆட்களிடம் நான் கேட்கிற மாதிரி, இது தெளிவா, அது தெளிவா என்று மாற்றி மாற்றி. பதில் சொல்லச் சொல்ல மீன் மறுபடி என் கண்ணுக்குள் வந்தது.

"இதெல்லாம் வீட்டுல ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லையே" என்றேன்.

"நீ கேட்டது எத்தனை மீனுன்னுதான்."

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்ததும் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அங்க நாள் முழுக்க டப்பா போய்க்கிட்டே இருக்கும். மூடி சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணு பாக்கும், மனசு எங்கயோ இருக்கும். இங்க ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு. அவ்வளவுதான் வசந்தி. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல."

"பயமா இருந்துச்சா? இப்ப, தண்ணி வந்தப்ப?"

"நீ நகரலன்னதும் இருந்துச்சு."

மாலை 4.35. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. பூஜாங் நைலான் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, மறுமுனையோடு தானே கடந்து வந்தார். எங்களைத் திட்டவில்லை. குகனிடம், அண்ணன் என்று மலாயில் கூப்பிட்டு, "அபாங், அடுத்த தடவை மூணு பேரும் ஒரே கரையில" என்று மட்டும் சொன்னார். கயிற்றைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக, கால் வைக்கும் இடத்தைத் தடவித் தடவிக் கடந்தோம்.

மாலை 6.15. கிராமத்தில் பூஜாங்கின் மனைவி அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சம்பாலும் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நான் நீட்டியதைத் தள்ளிவிட்டார். அவ்வளவு காரத்தில், அவ்வளவு பசியில் நான் சாப்பிட்டு நெடுநாளாகிறது. பூஜாங் தன் மனைவியிடம் அந்த மீனின் நீளத்தைக் கையால் காட்டினார். என் முழத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருந்தது. நான் திருத்தவில்லை.

கஹாங்கில் எங்கள் காரில் ஏறியபோது, "அடுத்த மாசமும் வருவீங்களா?" என்று கேட்டார் பூஜாங். குகன் சாவியைப் பார்த்தபடி, "பாக்கலாம்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. காலையில் நான் என்ன எண்ணத்தோடு கிளம்பினேன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

குளுவாங்கைத் தாண்டினோம். பிறகு, "அடுத்த மாசம் நீங்க மட்டும் போங்க. அதுக்கு அடுத்த மாசம் நானும் வர்றேன்" என்றேன்.

"ஏன், அடுத்த மாசமே வாயேன்."

"இன்னிக்கு நீங்க ஒரு மீனும் பிடிக்கல. நாள் முழுக்க எனக்குக் கோல் பிடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "அது பரவால்ல" என்றார். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல 4.40-க்குப் பஸ்ஸுக்குப் போனார், வீங்கிய உதட்டோடு. நான் கடைக்குப் போனேன். மாலை உலு திராமில் நல்ல மழை. விட்டதும், கடை வரிசைக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய் ஓரமாகக் காரை நோக்கி நடந்தேன். எத்தனையோ வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய இடம். சிமெண்டுப் பலகை ஒன்று உடைந்து விழுந்திருக்க, அதன் ஒரு பக்கம் தண்ணீர் வேகமாகவும் மறுபக்கம் சுழன்றும் போனது. இரண்டும் சேரும் கோட்டில் என் பார்வை தானாகப் போய் நின்றது.

எங்கள் வரிசையில் டயர் கடை வைத்திருக்கும் ஆ ஹோக் பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏதாவது விழுந்துடுச்சா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல. சும்மா பாக்கறேன்."

அவர் அருகே வந்து, என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, அவரும் எட்டிப் பார்த்தார். கறுப்பாக, விரல் நீளத்தில் ஏதோ ஒன்று அந்தக் கோட்டில் நின்று, வாலை ஆட்டி, மறைந்தது.

"ஆ, இருக்கு" என்றார்.